ஒரே விலை

குற்றாலத்துச் சாரல் தென்காசிக் கடைத்தெரு வரை வந்து தார்ப்பாயைப் படபடக்க வைக்கிறது. மலைத்தேன் வியாபாரி இசக்கிமணி கல்லாவில் நிலைகொள்ளாமல் லேப்டாப்பையே முறைத்துக்கொண்டிருக்கிறார். கடையின் இணையதளத்தில் டாலர் விலையும் தெரியும்படி மனைவி உமாராணி இன்றுதான் செய்திருக்கிறாள். "ஏட்டி, காலையில ஏழு டாலர் இருபதுன்னு கெடந்துச்சு. இப்ப ஏழு பதினாலுங்குது." புட்டியில் லேபிள் ஒட்டியபடி அவள் சொல்கிறாள்: "நம்ம ரூவா வெல அப்படியேதான் இருக்கு. டாலர்தான் ஏறி எறங்குது." "வாங்குதவன் கண்ணுக்கு நாமதான் மாத்துத மாதிரில்லா இருக்கும்." அவள் அடுத்த புட்டியை எடுக்கிறாள். அவர் தலைக்கு மேலே 'ஒரே விலை' என்ற பலகை காற்றில் சுவரை இடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் விரல் ரெஃப்ரெஷ் பொத்தானை விடுவதாயில்லை. நனைந்த குடையோடு ஒருவர் வந்து, "தேன் என்ன வெல அண்ணாச்சி?" என்கிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுகிற விலைதான். இசக்கிமணி திரும்பித் திரையைப் பார்க்கிறார்.