ஓரமாக வைத்தவை

அலுவலக மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு ஏறி நான்கு மணி நேரம் ஆகிறது. நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று காத்துவைக்கும் அந்த மென்பொருளில் இப்போது ஒரு வசதி கூடியிருக்கிறது. சேர்க்காமல் ஓரமாக வைத்த வேலைகளை அதுவே தேடியெடுத்து, தேதியோடு எல்லோருக்கும் காட்டுகிறது. கூட்ட அறையின் பெரிய திரையில் அவை ஒவ்வொன்றாக மேலேறுகின்றன. "யோவ் கும்பகர்ணா, போன வருஷம் முடிச்சேன்னு சொன்ன வேலையெல்லாம் இங்கதான் தூங்குதா?" என்று ஒருவன் கேட்க, சிரிப்பு எழுகிறது. மேசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வரி வந்ததும் சிரிப்பு அடங்குகிறது. இந்தக் குழு நிரல் எழுதிய, மருந்தேற்றும் கருவியில் அளவு பத்து மடங்காகிவிடும் பிழைக்கான திருத்தம் அது. தேதி, அந்தக் கருவியில் மருந்தேறிய ஒரு குழந்தை இறப்பதற்கு மூன்று வாரம் முந்தையது. அளவைத் தவறாக அழுத்தியதாக ஒரு நர்ஸ் சிறையில் இருக்கிறாள். குழுத்தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பேனா மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். "பழசு எதையோ காட்டுது. அழிச்சிடும்மா," என்று அவளைப் பார்க்காமலே விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளுகிறார். திரையின் நீல வெளிச்சம் அவள் நகங்களில் விழுகிறது. கூட்டங்களில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஊமைக்கோட்டான் என்பதுதான் இங்கே அவளுக்குப் பெயர். வியர்த்த விரல்களை மடியில் துடைத்துக்கொள்கிறாள். செருமிக்கொள்கிறாள்.

"அந்த நர்ஸ் சரியாத்தான் அழுத்தினாங்க, சார். நான் அப்பவே திருத்திக் கொடுத்தேன். ரிலீஸ் தள்ளிப்போகும்னு ஓரமா வைக்கச் சொன்னது நீங்கதான்."