நான்காவது மிக்ஸி

இருதயராஜின் இரண்டு செயற்கைக் கண்களையும் செய்தது, டிவியும் மிக்ஸியும் செய்கிற ஒரு கம்பெனி. கண்கள் கம்பெனியின் சர்வரோடு இணைந்துதான் இயங்கும்; கம்பெனியை மூடினால் அன்றே அவையும் அணைந்துவிடும். போன வருடம் நஷ்டம். இந்த வருடமும் நஷ்டம் என்றால் இழுத்து மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் ஓசூரில் அவர்கள் வீட்டு அடுக்களையில் மூன்று மிக்ஸிகள். மூன்றுமே அந்தக் கம்பெனியுடையவை. எதில் அரைத்தாலும் சட்னி திப்பிதிப்பியாகத்தான் வரும். மனைவி செல்வநாயகி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

கம்பெனியின் ஆண்டுக் கணக்கை டிவியில் வாசித்தபோது இருதயராஜ் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுவதென்றால் அதைப் பார்த்தபடியே இருட்டட்டும்.

அந்த முகம் மலர்ந்தது.

"லாபங்க! கொஞ்சூண்டுதான், ஆனா லாபம்!"

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்.

"இனிமேலாவது நல்ல மிக்ஸியா ஒண்ணு வாங்கிக்க, நாயகி. வேற கம்பெனில."

"ம்" என்றவள் போனை எடுத்துச் சிறிது நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன். நம்ம கம்பெனிதான். அடுத்த வருஷக் கணக்கு ஆரம்பிச்சாச்சுல்ல?"