கொசுவிலும் சிங்கத்திலும்

முதலில் ஒரே ஒரு கொப்புளம். காதுக்குப் பின்னால்.

பார்த்தது நர்ஸ்தான்.

விடிவதற்குள் அது கழுத்தில் இறங்கி, மார்பைக் கடந்து, ஏழு மாத வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஏற்கெனவே டெங்கு என்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது அம்மை.

ஒருத்தி கொசுவில் வந்தாள். இன்னொருத்தி சிங்கத்தில். கொசு முந்திக்கொண்டது. சிங்கம் ரயில்வே கேட்டில் மாட்டியிருக்கும்.

அதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

டாக்டர் வாசலிலேயே நின்றார்.

"மருந்து ஊசியில உடனே ஏத்தணும்மா. ஒண்ணு வந்தாலே மாசமா இருக்கறவங்களுக்குக் கஷ்டம். உனக்கு ரெண்டும் சேந்து வந்திருக்கு. ரத்தம் கசியலாம், நுரையீரல்ல இறங்கலாம். பிள்ளைக்கும் ஆபத்து."

நேற்றிலிருந்து வயிற்றில் அசைவு குறைந்திருந்தது. அதைச் சொன்னாள்.

ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அவள் கண்ணை மூடினாள். எலும்புகளை யாரோ கழற்றிக் கழுவி, ஈரத்தோடு திரும்ப மாட்டியதுபோல இருந்தது.

ஜன்னலில் இலை உரசும் சத்தம்.

மாமியார் ஒச்சம்மா. தோளில் அரை வேப்பமரம். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மறித்து, ஆளுக்குப் பாஸ் இருக்கிறது, மரத்துக்கு எங்கே என்று கேட்டாராம். மரம்தான் நோயாளிக்குத் துணை, நான் சும்மா தூக்கிவந்தவள் என்று சொல்லி ஜன்னல்வரை வந்துவிட்டாள். அம்மை அறைக்குள் மட்டும் விடவில்லை; வெளியே கம்பியைப் பிடித்து நின்றாள்.

"ஆத்தா எறங்கியிருக்கா. ஊசி, மருந்தெல்லாம் ஆகாது. கோவிச்சுக்குவா. எந்திரி, வீட்டுக்குப் போவோம். ஆட்டோ நிக்குது."

ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் புருஷன். பூமியில் எதையோ தொலைத்தவன்போல நின்றான்.

கல்யாணமாகி ஆறு வருஷம். "சரிங்கத்தே" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவள் வாயில் பழகவில்லை. இப்போதும் அதுதான் நாக்கு நுனிவரை வந்தது. மறுக்கவும் தெம்பு வேண்டுமே.

அப்போது ஒச்சம்மா கை எடுத்துக் கும்பிட்டாள்.

மருமகளை இல்லை. கொப்புளங்களை.

மருமகளுக்குக் கொழுந்தன் நினைவு வந்தது. அம்மை போட்டிருந்தபோது அவன் கார்த்திகை மாதத்தில் பலாப்பழம் கேட்டான். கேட்டது அவனில்லை, ஆத்தா என்று வீடே கேரளா வரைக்கும் போய்த் தூக்கிவந்தது. பழம் வந்ததும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைக் கேட்டான். அதுவும் கிடைத்தது. அம்மை இறங்கியபிறகும் நாலு நாள் படுத்தே இருந்தான்.

அம்மை கண்ட உடம்பு கேட்டால், அந்த வீட்டில் இல்லையென்று சொன்னதே கிடையாது.

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"ஒச்சம்மா."

அத்தை இல்லை. வெறும் ஒச்சம்மா.

வேப்பங்கிளை நழுவிக் கீழே விழுந்தது.

"ஆத்தா..."

"நான் இங்கதான் இருப்பேன். ஊசி போடச் சொல்லு."

"ஊசியா ஆத்தா?"

"கேட்டா குடுக்க மாட்டியா?"

ஒச்சம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜன்னல் கம்பி அதிரக் கத்தினாள்.

"ஏம்மா நர்சு! ஆத்தா ஊசி கேக்குறாம்மா! வெரசா வா!"

நர்ஸ் எத்தனையோ பேருக்கு ஊசி போட்டிருக்கிறார். தெய்வம் கேட்டுப் போட்டது அன்றுதான்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஆட்டோ உறுமல் நின்றது. அவளுக்கு உடம்பு முழுக்கத் தூக்கம் வந்தது.

ஒச்சம்மா ஜன்னலை விட்டுப் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆத்தா. ஒண்ணே ஒண்ணு சொல்லிரு. உள்ள எம் பேரப்புள்ள நல்லா இருக்கா?"

அவளுக்குத் தெரியவில்லை.

யாரிடமாவது கேட்கலாமென்றால், ஆத்தாவே இப்போது அவள்தான்.

ஊசி ஏறாத கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒச்சம்மாவும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.