பத்தாவது பிள்ளை

கேட் வரைக்கும் வந்த ஓமனா, பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு விறுவிறுவென்று திரும்பிப் போனாள்.

இவளோடு ஆறு தாய்மார் திரும்பியாயிற்று.

நாலாம் வகுப்பு வாசலில் நின்று தேவகனி டீச்சர் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து மூலையில் சும்மா கிடந்த ஓலைக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, ஆற்றுமணல் பரப்பி, தக்கலைச் சந்தையில் வாங்கிய இரண்டு கோரைப்பாயை விரித்து வைத்திருந்தாள். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. சர்க்காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டீச்சர் தன் பொறுப்பில் தொடங்குவது. வயலுக்கும் சந்தைக்கும் போகிற தாய்மாருக்குக் கரும்பு தின்னக் கூலியா? எல்லோரும் தலையை ஆட்டியிருந்தார்கள்.

பள்ளிக்கூட மேனேஜர் சத்தியநேசன் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். முதல் நாள் இரண்டாம் மணி அடிப்பதற்குள் பத்துப் பிள்ளை வரவேண்டும். வராவிட்டால் கொட்டகையில் தேங்காய் போட்டு வைப்பார். சொன்னால் சொன்னதுதான், மனிதர் அப்படி.

இரண்டாம் மணிக்கு இன்னும் அரை மணி நேரம். ஒரு பிள்ளைகூட உள்ளே வரவில்லை.

கொட்டகை போனால் போகட்டும் என்று விட டீச்சரால் முடியாது. காரணம், வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

முத்துக்கனி. பத்து வயது. இடுப்பில் மூன்று வயதுத் தம்பி.

அம்மா வயல் வேலைக்குப் போகிறாள். தம்பியைப் பார்க்க ஆளில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரி, ஆறு மாதமாக வெளியே நின்றுதான் படிக்கிறாள். உள்ளே இருப்பவர்கள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் ஜன்னல் கம்பி வழியாகத் திருத்துகிறாள். தம்பியோடு உள்ளே விட மேனேஜர் சம்மதிக்கவில்லை. டீச்சர் இந்தக் கொட்டகைக்காக அலைந்ததெல்லாம் அவளுக்காகத்தான். அதை டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை.

கேட்டை ஒட்டிய கல்லில் டீச்சரின் கணவர் ஏசுஅடிமை உட்கார்ந்திருந்தார். போன மாதம்தான் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிட்டையர் ஆனவர். சம்பளம் கேட்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு யார் வருவார்? குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் தன் பழைய கறுப்புத் தோல்பெட்டியை வைத்துக்கொண்டு, வருகிற தாய்மாரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

அவர் சிரிக்கச் சிரிக்க அவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.

டீச்சர் ஓடிப்போய் ஓமனாவை வேலியோரத்தில் மடக்கினாள்.

“டீச்சரே, நீங்களுமா இப்பிடி ஏமாத்துவிய? எம்பிள்ளைக்குக் குத்தியாச்சு, பாருங்க!” என்று பிள்ளையின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள் ஓமனா. தோளுக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்பு.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடக் கடவுளே! ஊர் ஊராகப் போய் அம்மை குத்துவதுதானே முப்பது வருஷமாக அவர் உத்தியோகம்! அந்தக் கறுப்புப் பெட்டி தெருமுனையில் தெரிந்தால் போதும், பிள்ளைகளை நெல்லுப் பத்தாயத்துக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். ஊரே கண்டு நடுங்கிய மனிதர்தான். ஆனால் முப்பது வருஷம் அவருக்குக் கஞ்சி ஊற்றியவளுக்கு அது எங்கே தோன்றப்போகிறது!

கேட்டுக்கு ஓடிவந்தாள். “இஞ்ச பாருங்க, அந்தப் பெட்டியத் திறந்து காட்டுங்க. இப்பமே!”

அவர் முகம் வாடிவிட்டது. ஜெபம் முடிந்த பிறகு திறந்து எல்லோரையும் அசத்தவேண்டும் என்று நினைத்திருந்தார். முனகிக்கொண்டே கொக்கியை விலக்கினார்.

உள்ளே பனையோலைக் கிலுக்கு, ஓலைக் காற்றாடி, ஓலைப் பாம்பு, ஓலைக் கிளி. ரிட்டையர் ஆன நாளிலிருந்து குனிந்த தலை நிமிராமல் அவர் முடைந்தவை. அத்தனையும் கொள்ளக்கூடிய பெட்டி வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது.

காற்றாடியைக் கண்டதும் ஓமனாவின் பிள்ளை துள்ளியது. வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, பிள்ளையின் தழும்பைக் காட்டிவிட்டுத்தான் ஒவ்வொருத்தியும் உள்ளே விட்டாள்.

ஒன்பது பிள்ளைகள்.

மேனேஜர் மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

முத்துக்கனி மட்டும் ஜன்னலோரத்தை விட்டு அசையவில்லை. தம்பியின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏசுஅடிமை பக்கத்தில் வரவும் இரண்டடி பின்னால் போனாள்.

“சாரே... இவனுக்குக் குத்தல. நாந்தான் பத்தாயத்துக்குள்ள ஒளிச்சு வச்சேன்.”

டீச்சர் மணிக்கயிற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதுக்கு வேற ஆளு வருவாரு மக்கா, அப்பம் பாப்போம். எங்கிட்ட இனி இதுதான் உண்டு” என்று கிலுக்கைக் கிலுகிலுவென்று ஆட்டினார்.

பயல் அக்காவை உதைத்துத் தள்ளிவிட்டு அவர்மேல் பாய்ந்தான்.

மணி அடித்தது.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. முத்துக்கனியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்பெஞ்சில் உட்கார வைத்தாள். ஏழாம் வாய்ப்பாடு. மூவேழு இருபத்தொன்று வரை போனதும், கொட்டகையிலிருந்து தம்பியின் அழுகை கேட்டது. முத்துக்கனி பாதி எழுந்துவிட்டாள்.

அழுகை கிட்டக்கிட்ட வந்து, ஜன்னலோரத்தில் நின்றது.

ஆறு மாதமாக அவள் நின்ற அதே இடத்தில் ஏசுஅடிமை நின்றார். இடுப்பில் தம்பி. மற்ற ஒன்பதும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கின.

அக்காவைக் கண்டதும் பயல் கிலுக்கை ஆட்டினான்.

முத்துக்கனி உட்கார்ந்தாள். “நாலேழு இருபத்தெட்டு” என்றாள்.