மடங்கிய கால்

“சிப் தானாவா காலை மடக்கிக்கும்? சொல்லுங்க அத்தை!”

மகள் போட்ட சத்தத்துக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிரவில்லை.

மேஜைமேல் அப்பாவின் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியாக வந்த காலத்துச் சாமான். டிவியில் மாட்டினால்தான் எழுத்து தெரியும்.

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் புரோகிராம் ஒன்றை அப்பா எழுதியது இதில்தான். அந்த நாளில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஓடியதாம். அதற்காக நாளைக்கு அவருக்குப் பாராட்டு விழா. மேடையிலேயே பெட்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

மகள், ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கும் இஞ்சினியர். ‘இது என்ன பெரிய வேலை’ என்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பெட்டி அவளைப் படுத்தி எடுத்துவிட்டது. முதலில் உயிரே இல்லை. பவர் சப்ளையை மாற்றினாள். விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே நின்றது. உப்பிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்தாள். கறுப்பு போய்ச் சாம்பல் வந்தது, அதோடு சரி. செத்துக்கிடந்த மெமரி சிப்பைத் தேடிப் பிடித்து மாற்றுவதற்குள் சால்டரிங் அயர்னில் விரல் வெந்ததுதான் மிச்சம்.

இனி ஓடியே ஆக வேண்டும். ஓடவில்லை.

கடைசியில், புரோகிராம் இருக்கிற சிப்பையே கழற்றிப் பார்த்தாள். வரிசையாக நிற்கும் கம்பிக் கால்களில் ஒன்றே ஒன்று உள்பக்கமாக மடங்கி இருந்தது. அந்தச் சிப்பைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் துடைத்து, காலெல்லாம் நேராக்கி மாட்டியிருந்தாள்.

“நான் மடக்கல. விழா நாயகர் அப்பா மடக்க மாட்டார். வீட்டுல மிச்சம் யாரு?”

அத்தை அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

ஹாலில் அப்பா நாளைய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். “இதை எழுதின காலத்துல எனக்குக் கூடமாட உதவ ஒரு நாதி கிடையாது...” தொண்டை கட்டியிருக்க வேண்டும். “பொம்மி! தண்ணி கொண்டா!”

அத்தை போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

“ஏம்மா, பெட்டியைச் சும்மா மேடையில வச்சாப் போதாதா? ஓட்டித்தான் காட்டணுமா?”

அவ்வளவுதான். எரிகிற அடுப்பில் எண்ணெய் விழுந்த மாதிரி ஆயிற்று.

“ஆக நீங்கதான்! மொத நாள்லேருந்து ‘அதைக் கிளறாதே, கிளறாதே’ன்னு சொன்னீங்களே, இதுக்குத்தானா? நாலு பேர் முன்னாடி உங்க அண்ணன் மாலையோட நிக்கறதைப் பார்க்கப் பொறுக்கல, இல்ல? இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு இந்த வீட்டுக்கே குழி பறிக்கறீங்களே!”

அத்தையின் கை துணிமேல் அப்படியே நின்றுவிட்டது.

வாய் போன போக்கில் வந்துவிட்ட வார்த்தை. திருப்பி எடுக்க மகளுக்கு மனசு வரவில்லை. கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

“அதுவும் மேலே இருந்து பார்த்தா தெரியாத மாதிரி எவ்வளவு நறுவிசா மடக்கியிருக்கீங்க! யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

இடுக்கியை எடுத்து அந்தக் காலை நிமிர்த்தினாள். சிப்பைச் சாக்கெட்டில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள்.

“வேண்டாம்மா” என்றாள் அத்தை. “நாளைக்கு ஒரு நாள் போகட்டும். அப்புறம் நானே சரி பண்ணித் தரேன்.”

“நீங்க? சரி பண்ணுவீங்க?”

வெடுக்கென்று சுவிட்சைத் தட்டினாள்.

டிவியில் நீலம் பரவியது. கொட்டை எழுத்தில் புரோகிராமின் பெயர் வந்தது. அதன் கீழே இன்னொரு வரி வந்தது.

‘எழுதியது: பொம்மி.’

மகள் திரையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

“இப்படி ஒரு வரி இருக்கறதே அண்ணனுக்கு ஞாபகம் இல்ல. நாளைக்கு மேடையில இது வந்து நின்னா, அண்ணன் முகத்தை எங்கே வச்சுப்பார், சொல்லு?” என்றாள் அத்தை.

“என்ன அங்கே? ஓடுதா?” ஹாலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

அத்தை எட்டி சுவிட்சை அணைத்தாள்.

“இல்லண்ணா. தூசி தட்டறப்போ நான்தான் கை பட்டு எதையோ கெடுத்துட்டேன்.”

“உனக்கு அங்கே என்ன வேலை? சுவிட்சு எது, பிளக்கு எதுன்னு தெரியாத ஜென்மம்! இனிமே அந்த ரூம் பக்கம் தலையைக் காட்டின, நல்லா இருக்காது, ஆமா!”

மகளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“இருங்க. இப்பவே அவரை இழுத்துட்டு வந்து இந்தத் திரை முன்னாடி நிறுத்தறேன்.”

அத்தை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் கண்ணு. அந்த வரியை நான் போடல. என் பேர் எதுக்குன்னு எவ்வளவோ மறுத்தேன். ‘நீ எழுதினதுக்கு உன் பேர்தான் இருக்கணும்’னு என்கிட்ட சண்டை போட்டு, உங்கப்பாதான் தன் கையால டைப் பண்ணினார்.”