குறுக்கே ஓடியவள்

அவள் கைப்பேசியை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

அறையில் நிறுவனத்தின் வக்கீல் இருந்தார். பக்கத்தில், கணினியோடு ஒரு இன்ஜினியர்.

"எங்களுக்கும் வருத்தந்தாம்மா" என்றார் வக்கீல். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுவதை அவள் போனிலேயே கேட்டாகிவிட்டது.

மகள் போய் இரண்டு மாதம். வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் ரோபோ வண்டி, பள்ளிக்கூடத்து நடைபாதையில் அவள் மேல் ஏறியது. மனிதரைக் கண்டால் வண்டி தானாக நின்றுவிடும், குழந்தைதான் திடீரென்று குறுக்கே ஓடியது என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. மறுவாரமே வண்டிகள் தெருவுக்கு வந்துவிட்டன.

வண்டியின் கேமரா பிடித்த படத்தைக் கேட்டு அவள் ஏறாத படி இல்லை. வழியில் போனவர்களின் அந்தரங்கம் கெட்டுவிடும் என்று எல்லோரும் கைவிரித்தார்கள். கடைசியில் கோர்ட் சொல்லித்தான் இந்த அறை.

"ஒரு தடவைதான் போடுவோம்" என்றார் வக்கீல்.

படம் ஓடியது.

நடைபாதையில் வருகிறவர் போகிறவர் முகமெல்லாம் ஈரக்கையால் தேய்த்ததுபோல் கலங்கியிருந்தது. குடை பிடித்த பெண்ணுக்குக் கண் இல்லை. சைக்கிள் தள்ளியவனுக்கு வாய் இல்லை.

மகளையும் இப்படித்தான் காட்டப்போகிறார்கள். அவள் திரைக்கு நெருக்கமாகக் குனிந்தாள்.

மகள் வந்தாள்.

ஓடவில்லை. ஓரமாகக் குந்தி, ஷூ கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். வேலை பார்க்கிற செருப்புக் கடையில் ஊரார் பிள்ளைகளின் காலடியில் அம்மா குந்துவாளே, அதே மாதிரி.

சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

நெற்றித் தழும்பு. முன்பல் விழுந்த ஓட்டை. மூக்கு நுனியில் வியர்வை. ஒன்றுகூடக் கலங்கவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு மகள் அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

வக்கீல் கணினியை மூடப் போனார். அவள் குறுக்கே கையை வைத்தாள்.

"எம்பொண்ணு முகத்த மட்டும் ஏன் மறைக்காம விட்டீங்க?"

வக்கீல் முந்துவதற்குள், இன்ஜினியர் வேலைப் பழக்கத்தில் சொல்லிவிட்டான்.

"நாங்க எதையும் மறைக்கிறதில்லக்கா. மனுஷ முகம்னு தெரிஞ்சா வண்டியே மறைச்சிடும்."