கூண்டில் நின்றவர்

"நாடகத்தைப் பத்தி மட்டும் எழுதுங்க மேடம். ஊர் உலகத்தையெல்லாம் உள்ளே இழுக்காதீங்க" என்றார் பத்திரிகை ஆசிரியர் போனில்.

"மேடை என்ன ஆகாயத்திலயா தொங்குது? அதுவும் இந்த ஊருக்குள்ளதானே சார் இருக்கு?"

"பேசி உங்களை ஜெயிக்க முடியுமா? போன மாசம் ஒரு சிரிப்பு நாடகத்துக்கு விமர்சனம் கேட்டேன். வேலைக்காரி பாத்திரத்துக்கு மட்டும் ஏன் பேரே வைக்கலைன்னு அரைப் பக்கம் எழுதிட்டீங்க. விழுந்து விழுந்து சிரிச்சவங்களுக்கெல்லாம் முகம் தொங்கிப்போச்சு."

விமர்சகி சிரித்தபடி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூக்கத்துக்குத் தயாராக இருந்தாள். ஓசி டிக்கெட் என்றால் அக்கா எந்த நாடகத்துக்கும் வருவாள். விளக்கு அணைந்ததும் கண்ணும் அணைந்துவிடும்.

பழைய கிடங்கு ஒன்றைத் தட்டிக்கொட்டி அரங்கமாக்கியிருந்தார்கள். நடிகர்களின் குரல் கேட்கட்டும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்ததால், டிக்கெட்டையே விசிறியாக்கி எல்லோரும் வீசிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அவளருகே வந்து குனிந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கு நடிக்கிறதுல ஒருத்தர் செய்யாத குத்தத்துக்காகப் பல வருஷம் ஜெயில்ல கிடந்தவர். அப்புறம்தான் நிரபராதின்னு விட்டாங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேப்பானேன்? பாத்தாலே தெரிஞ்சிடாதா?"

நாடகம் தொடங்கியது. மேடையில் ஒரு மேசை, உயர்ந்த நாற்காலி, எதிரே ஒரு கூண்டு. அவ்வளவுதான். தொழிற்சாலை தீப்பிடித்து ஆட்கள் செத்துப்போகிறார்கள். பழி காவலாளியின் தலையில் விடிகிறது.

காவலாளியாக வந்தவர் எழுபதைத் தாண்டிய மனிதர். கூண்டில் ஏறியதும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டினார், தொங்கவிட்டார், கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விமர்சகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பது வருஷமாக நாடகம் பார்க்கிறாள். இப்படி நின்ற ஒருவரை எந்த மேடையிலும் அவள் கண்டதில்லை.

"நான் வைக்கலைங்க ஐயா" என்றார் அவர். முதல் தடவை அரங்கமே அதிர்ந்தது. இரண்டாம் தடவை தனக்குத்தானே சொல்வதுபோல இருந்தது. மூன்றாம் தடவை உதடு மட்டும் அசைந்தது. ஆனாலும் கடைசி வரிசைவரை அது கேட்டது.

நீதிபதியாக நடித்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். கறுப்பு அங்கி தோளில் சரியாகக்கூட உட்காரவில்லை. தீர்ப்பு நேரம் வந்தது. கையில் தாள் இருந்தும் அவன் அதைப் பார்க்கவில்லை. கிழவரையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். ஒவ்வொரு சொல்லுக்கும் கிழவரின் கைகள் கம்பியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. வீசிக்கொண்டிருந்த டிக்கெட்டுகள் எல்லாம் நின்றுபோயின. அக்கா தங்கையின் கையை நகம் பதிய அழுத்திப் பிடித்திருந்தாள்.

விளக்குகள் எரிந்தும் யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா என்றே தெரியவில்லை. பிறகு எங்கோ ஒருவர் தட்ட, கிடங்கே இடிந்துவிடும்போல ஆனது.

"தூக்கமே வரலடி" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி. "பாவி மனுஷன், அழவச்சுட்டாரு. அதெல்லாம் நடிப்பா? பட்டவருக்குத்தான்டி அப்படி நிக்க வரும்."

"அவரேதான்கா. சந்தேகமே இல்ல."

விமர்சனத்தின் முதல் வரி அவள் மனத்தில் அப்போதே எழுதி முடிந்திருந்தது: 'கூண்டின் உயரம் அதில் நின்றவனுக்குத்தான் தெரியும், நாற்காலிக்குத் தெரியாது.' இந்த ஊரில் கூண்டில் ஏறுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், நாற்காலியில் உட்காருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்றும் எழுத வேண்டும். ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டால் அடித்துக்கொள்ளட்டும்.

ஒப்பனை அறைக்கு இருவரும் போனார்கள். கிழவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நீதிபதியாக நடித்தவன் அங்கியைக்கூடக் கழற்றாமல் அவருக்குத் தேநீர் டம்ளரைப் பிடித்துக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

விமர்சகி கைகூப்பினாள். "ஐயா, எத்தனையோ பெரிய நடிகர்களைப் பாத்திருக்கேன். யாரையும் கும்பிட்டதில்ல. நீங்க பட்ட கஷ்டத்தையே மறுபடியும் மேடையேறி படறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! அத்தனை வருஷம் ஜெயில்ல எப்படித்தான் பொறுத்தீங்களோ!"

கிழவர் தலைகுனிந்துகொண்டார்.

"மேடம்" என்றான் இளையவன் மெதுவாக. "உள்ளே இருந்துட்டு வந்தவன் நான்."

விமர்சகியின் கூப்பிய கைகள் அப்படியே நின்றன.

"அப்போ இவரு?" என்று கேட்டாள் அக்கா.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிழவரின் தோளில் கை போட்டான்.

"எனக்குத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி. கூண்டுல நிக்கிற வேஷம்தான் வேணும்னு அவரே வந்து கேட்டு வாங்கிக்கிட்டாரு."